தன் பக்கமாக மடித்த இலை

பூனாகலை,
11.05.2025, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தயானிக்கு,

ஜீவராணி அத்தை எழுதிக்கொள்வது. நீ அங்கே நல்ல சுகத்தோடு இருக்க வேண்டுமென்று மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அனுப்பியது யாரென்று பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதே அம்மா. கிழிப்பதென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கிழி.

உன் பழைய நம்பருக்கு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்தேன், வேலை செய்யவில்லை. புது நம்பர் அஜந்தனிடம் இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வேண்டியதை அவன் போனில், அவன் பக்கத்தில் நிற்கும்போது பேச முடியாது. நம் டிவிசனிலிருந்து ஒரு பெண்பிள்ளை நீ தைக்கிற ஜோர்தான் கார்மென்ட்டுக்கே இந்த மாதக் கடைசியில் வருகிறாள். இதை உறையில் ஒட்டி அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடை தூக்கப் போனவள் நான். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு வாசி.

இங்கே மழை விட்டுக் காற்றுத் தொடங்கிவிட்டது. லயத்துக் கூரைத் தகரம் இரண்டு தூக்கிக்கொண்டு போய்விட்டது, அஜந்தன் ஏறிக் கல் வைத்திருக்கிறான். போன கிழமை அப்புத்தளைச் சந்தையில் உன் அம்மாவைக் கண்டேன். கருப்பம்மா மதினி நன்றாக இளைத்துவிட்டார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, “புள்ள போன எடுத்தா அழுவுறா மதினி, ஒண்ணும் பேச மாட்டேங்குறா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றார். நடு ரோட்டில் அந்தக் கையை எப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றேனோ, எனக்கே தெரியவில்லை. அஜந்தன் ஆட்டோ ஓட்டுகிறான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு என்று யாராவது கூப்பிட்டால் போகமாட்டான், வேறு ஆளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான்.

பார், ஊர்ப்புதினமாக எழுதிக்கொண்டு போகிறேன். ஊருக்கெல்லாம் வாய் நீளமானவள் என்று பேர் வாங்கியவளுக்கு இப்போது கை நகரமாட்டேன் என்கிறது.

போன மாதம் ஒரு தடவை நீ அஜந்தனின் போனை எடுத்தாயாம். “எங்கப்பாவ நாந்தான் கொன்னேன், சாப்பிடாம மட்டும் வந்துறாதீங்கப்பான்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன், இனி எனக்குக் கல்யாணமும் வேணாம் ஒண்ணும் வேணாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாயாம். அவன் வந்து அடுப்படியில் உட்கார்ந்து அதை என்னிடம் சொல்லி அழுதான். முப்பது வயது ஆம்பிளைப் பிள்ளை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று பயந்து முழுத் தேங்காயையும் துருவி முடித்தேன்.

நீ கொல்லவில்லை தயானி. உன் அப்பா செத்ததற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எப்படி என்பதைக் கேள்.

நீயும் அஜந்தனும் விரும்பியது எங்களுக்குத் தெரிய வந்ததும் எனக்குச் சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. நீங்கள் வேறு ஆட்கள், நாங்கள் வேறு ஆட்கள். இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று அஜந்தன் கேட்டான். அவன் ஆட்டோவில் எல்லோரும் ஏறுகிறார்கள், அதனால் அவனுக்குத் தெரியாது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் அம்மா மேட்டு லயத்தில் உங்கள் ஆட்களின் வீடு ஒன்றுக்கு விறகு கொண்டுபோய்ப் போட்டார். கூடப் போன எனக்கும் தேத்தண்ணி தந்தார்கள், தேங்காய்ச் சிரட்டையில். அந்த வீட்டுப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே கோப்பையில் குடித்தது. இப்போது சிரட்டை இல்லை. இப்போது எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வருவார்கள், கதிரையில் உட்காருவார்கள், சிரிப்பார்கள். சாப்பாடு என்றதும் ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவருக்கு விரதம், ஒருவர் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தாராம். மூடி திறக்காத சோடாப் போத்தல் கொடுத்தால் மட்டும் குடிப்பார்கள். இந்தச் சாக்குகளை நாற்பது வருஷமாகக் கேட்டவள் நான்.

உன் அப்பா முதல் தடவை வீடு பார்க்க வந்தபோது நானே நஸீர் நானா கடையில் சோடா வாங்கி வைத்திருந்தேன். முருகையா அண்ணன் அதைக் குடித்தார். பார்த்தாயா, தேத்தண்ணி கேட்கவில்லை என்று மனதுக்குள் குறித்து வைத்துக்கொண்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருந்தால் குடித்திருப்பார். நான் ஊற்றவே இல்லை. இது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

இரண்டாவது தடவை நாள் பேச வந்தார். சம்பந்தம் முடிவாகிற அன்றைக்குத்தானே நம் ஆட்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பது. அதற்கு ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்தோம். எழும்பும்போது, உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ரெண்டு வருசமா மீன் ஒத்துக்க மாட்டேங்குது. டாக்டர் சம்பல்ல இடிச்சுப் போடுற மாசிக் கருவாடுகூட வேணாம்னுட்டாரு, அடுத்த தடவ மூச்சு அடைச்சிருமாம். எனக்குப் பருப்பும் சோறும் போதும்” என்று சொன்னார். மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார்.

சரிங்கண்ணே என்றேன். உள்ளே கொதித்துக்கொண்டு வந்தது. தோட்டத்தில் பிறந்து ஐம்பது வருஷம் கருவாட்டையும் மாசிச் சம்பலையும் தின்று வளர்ந்த மனிதனுக்குத் திடீரென்று மீன் ஒத்துக்கொள்ளாதாம். அப்படி ஒரு வியாதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. பிறந்ததிலிருந்து இருந்தால் சரி என்று நம்பலாம். சாப்பிட்டுப் பழகியது எப்படி ஒரு நாளில் விஷமாகும்? வயிறு சரியில்லை, விரதம் என்றெல்லாம் சொன்னது பழசாகிவிட்டது, இப்போது டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

கண் தெரியவில்லை, மிச்சத்தை அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.

18.05.2025

தயானி, இந்த ஒரு கிழமையும் கடிதத்தை அரிசி வாளிக்குள் வைத்திருந்தேன். இரண்டு தடவை அடுப்பில் போட எடுத்தேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற பிள்ளையின் அக்கா உன் அறையில்தானே இருக்கிறாள், அவள் வீட்டுக்குச் சொன்னாளாம், நீ பாணும் பிளேன்டீயும் தவிர ஒன்றும் வாயில் வைப்பதில்லை என்று. சோற்றைக் கண்டால் எழும்பிப் போகிறாயாம். அதைக் கேட்ட பிறகு போடவில்லை.

அன்றைக்கு உங்கள் பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். பெண்களெல்லாம் உன் அம்மாவோடு உள் காம்பராவில். ஆண்கள் வெளியே பாயில். எங்கள் பக்கத்தில் என் அண்ணன் மாடசாமியும் நாலைந்து சொந்தக்காரர்களும். பலயா மீன் பொரித்தேன், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், கோழி அடித்தேன். பருப்புத் தனிச் சட்டியில் வைத்தேன், உன் அப்பாவுக்கென்று.

அந்தப் பருப்பில் மாசி போட்டேன். மறந்து போடவில்லை. கைப்பழக்கத்தில் விழவும் இல்லை. வறுத்து, உரலில் மாவாக இடித்து, கண்ணுக்குத் தெரியாதபடி கலந்து, கறிவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் கூடப் போட்டுத் தாளித்தேன். சாப்பிட்டு முடித்து அவர் நன்றாக உட்கார்ந்திருக்கும்போது எல்லோர் முன்னாலும், “என்னண்ணே, மாசிப் பருப்பு எப்படி இருந்துச்சு?” என்று கேட்க நினைத்திருந்தேன். பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று காட்ட வேண்டும். கல்யாணத்தை நிறுத்த நினைக்கவில்லை, அது சத்தியம். நீ வீட்டுக்கு வரும் முன்னாலேயே உங்கள் ஆட்களின் தலை என் முன்னால் ஒரு தடவை குனிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நானே பரிமாறினேன். “மாசி போடலண்ணே, பயப்படாம சாப்பிடுங்க” என்று என் வாயாலேயே சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைத்தார். கை அப்படியே நின்றது. நாக்கால் உதட்டைத் தடவினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையைத்தான் இந்த ஒன்பது மாதமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. மாசியின் ருசி தெரியாத தோட்டத்து ஆள் உண்டா? வாய்க்குள் அரிப்பும் அப்போதே தொடங்கியிருக்கும். நான் பொய் சொன்னேன் என்றும், ஏன் சொன்னேன் என்றும்கூட அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்பட்டிருக்கலாம். இலையைத் தள்ளிவிட்டு எழும்பியிருக்கலாம். பாயைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் சாப்பிடுவாரா மாட்டாரா என்று. குனிந்து அடுத்த வாயை எடுத்தார். மாடசாமி அண்ணன் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றப் போனபோது கையைக் குறுக்கே வைத்துத் தடுக்கக்கூட இல்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்தார். உறவு நிலைக்க வேண்டும் என்றால்தானே அப்படி மடிப்பது. “நல்ல சாப்பாடு தங்கச்சி. இனி நம்ம ஒரே வீடு” என்றார்.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை பார், எல்லாம் நடிப்பு என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கை கழுவிவிட்டு வந்து உட்காரட்டும், அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று காத்திருந்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் எழுதாவிட்டால் நீ என்னை அரைவாசிதான் அறிவாய்.

பீலித் தண்ணீரில் கை கழுவிவிட்டு வந்தவர் கழுத்தைச் சொறிந்தார். முகம் சிவந்து தடித்தது. சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து இரண்டு மூன்றை வாயில் போட்டார், நிற்கவில்லை, வாந்தியோடு வந்துவிட்டது. உதடு வீங்கி, குரல் கம்மிப் போனது. அஜந்தன் ஆட்டோவை எடுத்தான். அண்ணன் பின்னால் அவரைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பூனாகலை ரோட்டின் வளைவுகள் உனக்குத் தெரியும். அஜந்தன் எப்படி ஓட்டியிருப்பான் என்றும் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது மூச்சு இல்லை. கொஞ்சம் முந்தியிருந்தால் ஊசி போட்டிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தச் சொல்லைத்தான் என் பிள்ளை இன்னும் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறான். அவன் மெதுவாக ஓட்டியதாக நினைக்கிறான், நீ சாப்பிடச் சொன்னதாக நினைக்கிறாய். இரண்டு பேரும் என் பாவத்தைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறீர்கள், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

போகும் வழியில், பேச முடிந்த கொஞ்ச நேரத்துக்குள், உன் அப்பா அண்ணனிடம் சொன்னது உனக்கும் சொல்லியிருப்பார்கள். “கருவாட்டு வாசம் பாத்து ஆசப்பட்டு நானே ஒரு துண்டு எடுத்துட்டேன். வீட்டுக்காரங்க மேல ஒரு தப்பும் இல்ல. எம்மக கல்யாணத்த நிறுத்திப்புடாதீங்க.” ஊர் முழுக்க அதைத்தான் நம்பியது. நீயும் நம்பினாய், உன்னைத் திருப்திப்படுத்தத்தான் அப்பா மீனைத் தொட்டார் என்று. அவர் கருவாட்டைத் தொடவே இல்லை தயானி. அவருக்கு எதிரில் கரண்டியோடு நின்றவள் நான். அவர் இலையில் சோறும் பருப்பும் ஒரு துண்டுக் கோழியும்தான் இருந்தன.

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டேன். திடீர் மரண விசாரணைக்கு வந்த ஐயா கேட்டபோது, “வேணாம்னு சொன்னேங்கய்யா, அவராத்தான் கருவாட்ட எடுத்தாரு” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தேன். உன் அம்மா என் தோளில் சாய்ந்து அழுதபோதும் அதையே சொன்னேன். ஆசைப்பட்டுச் செத்த மனிதன் என்று அவர் பேரைக் கெடுத்தேன். அவர் நாக்கு ருசிக்கு அலைந்தவர் என்று இப்போதும் சந்தியில் பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறேன்.

சாவு வீட்டில்தான் உன் அம்மா மற்றதையெல்லாம் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் மீன் குழம்பு சாப்பிட்ட கையோடு உதடு வீங்கியதாம், கெட்ட மீன் என்று மீன்காரனோடு சண்டைக்குப் போனாராம். பிறகு கருவாட்டுக்கு வந்ததாம், பிறகு சம்பலுக்கும் வந்ததாம். வீட்டில் உள்ளவர்கள் ஆசைக்குச் சமைக்கட்டும் என்று, மீன் வைக்கிற நாளில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளிவாசலில் போய் உட்காருவாராம். உங்கள் சொந்தக்காரர்கள் இந்தச் சம்பந்தம் வேண்டாமென்று வந்து நின்றபோது, “அவங்க வீட்டுச் சோத்த வயிறு நெறைய தின்னுட்டு வந்துதான் உங்ககிட்ட பேசுவேன்” என்று சொல்லி அனுப்பினாராம். அந்த மனிதனைத்தான் நான் சோதித்துப் பார்த்தேன். சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தவர்களை விட்டுவிட்டு, என் வீட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தவரிடம் கணக்குத் தீர்த்தேன்.

இதை வாசித்ததும் என் மேல் நெருப்பாக வருவாய். வர வேண்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை, நீ கொடுத்தாலும் வாங்கி வைக்க என்னிடம் இடமில்லை. அடுத்த ஞாயிறு அப்புத்தளைக்குப் போய் உன் அம்மாவிடம் சொல்ல நினைத்திருக்கிறேன். அதற்கு முன் அஜந்தனிடம். என் தைரியத்தை நான் நம்பவில்லை. ஒன்பது மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் போக நினைத்தவள்தான் நான். அதனால்தான் முதலில் உனக்கு எழுதிக் கையை விட்டு அனுப்பிவிடுகிறேன், பிறகு நான் பின்வாங்க முடியாது. நான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று தெரிந்தால் நீ சொல். அஜந்தனுக்கு அம்மா இல்லாமல் போய்விடும் என்று பார்க்காதே. அவன் வேகமாகத்தான் ஓட்டினான் என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

பொலிஸில் கொடுக்க நினைத்தாலும் கொடு. அதற்காகத்தான் என் பெயர், விலாசம் எல்லாம் ஒன்றும் விடாமல் கீழே எழுதுகிறேன்.

நீ சொல்லி அனுப்பியதில் ஒரு பிழையும் இல்லை அம்மா. மகள் அப்பாவிடம் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாங்க என்று சொல்வது பாவமா? அந்தச் சொல்லில் விஷம் இல்லை. விஷம் இருந்தது என் சட்டியில். அதை நீ சுமக்க வேண்டாம், இறக்கி வை.

உன்னிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. சாப்பிடு தயானி. உன் அப்பா உனக்காக ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுப் போனார், அதற்காகவாவது ஒரு வேளை சோறு சாப்பிடு. நீ என் வீட்டுக்கு வந்ததும் முதல் நாள் என்ன சமைத்துப் போடுவது என்று நான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் உண்டு. அதை இனி எழுத மாட்டேன். வேறு யார் கையாலாவது சாப்பிடம்மா.

அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பருப்பில் மாசி போட்டது நான்தான் என்று என் கைப்பட எழுதிக் கையொப்பமிடும்,

மு. ஜீவராணி,
இலக்கம் 7, பள்ளத்து லயம்,
கீழ்ப் பிரிவு,
பூனாகலை.